ஏக்கத்துக்கு ஒரு கட்டம்

நாலு மணி தாண்டி மூன்று நிமிஷம். மூன்று நிமிஷமெல்லாம் ஒரு தாமதமா என்று சென்னியப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்; சொல்லி முடிப்பதற்குள் அது நாலு நிமிஷமாகிவிட்டது. போன் மேஜைமேல் மல்லாக்கக் கிடந்தது. சத்தம் முழுசாக வைத்திருக்கிறதா என்று மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்பது தடவை பார்த்தாயிற்று, பத்தாவது தடவை தொட்டால் கை பட்டு எதையாவது அணைத்துத் தொலைப்போமோ என்று பயமாக இருந்தது. சார்ஜ் நூறு. சிக்னல் முழுசு. கணபதியில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த ஏழு மாசத்தில் சிக்னல் இத்தனை நன்றாக இருந்ததே இல்லை. அதுகூட அவனுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. கீழ்வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு முடிந்து பாத்திரம் கழுவுகிறார்கள், தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு போகிறான், போகிறவன் போகாமல் சரியாக இந்த வாசலில் நின்று கத்துகிறான், அந்தச் சத்தத்தில் மணி அடித்தது கேட்காமல் போனால்? கண்ணுக்கு முன்னால்தானே கிடக்கிறது, வெளிச்சம் வருமே. மகள் தர்ஷிகாவின் குரலைக் கேட்டு ஏழு மாசம் ஆகிறது. பதினாறு வயசுப் பெண், அம்மா கோகிலாவோடு பொள்ளாச்சியில் மாமன் வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை கோகிலா அனுப்பிய செய்தி நாலே வரி, அவனுக்கு மனப்பாடம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு தர்ஷி பேசறாளாம். அவளே கூப்பிடுவா. நீங்க கூப்பிடக் கூடாது. ஒருக்கா கூப்பிட்டாலும் இதோட சரி. மூன்று நாளாக அதில் முதல் வரியை மட்டும் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். இப்போது கடைசி வரி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

கூப்பிடுவது என்பது அவனைப் பொறுத்தவரை சாமானியமான காரியம் இல்லை. மற்றவர்கள் ஒருவரைக் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் வேலையாக இருக்கிறார்கள் என்று போய்விடுவார்கள். சென்னியப்பனுக்கு மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்காதவர்கள் எல்லாரும் ஒன்று அவனை வெறுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் செத்துப்போய்விட்டார்கள். நடுவில் வேறொன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் கோகிலா அதை ஆசை என்று நினைத்தாள். பாவம், யார்தான் நினைக்க மாட்டார்கள். போன வருஷம் தன் பிறந்தநாளன்று சாயிபாபா காலனியில் சிநேகிதி வீட்டுக்குப் போன தர்ஷிகா ஐந்து மணிக்கு வருகிறேன் என்றாள். ஐந்து பத்துக்கு அவன் ஆரம்பித்தான். அறுபத்து மூன்று தடவை. அவன் எண்ணவில்லை, கோகிலாதான் பிற்பாடு போனைக் கண்முன் நீட்டி எண்ணிக் காட்டினாள். பத்தாவது தடவையிலேயே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது, அதன் கீழே அவளுடைய பச்சைச் சுடிதார், கூட்டம், யாரோ ஒருவன் அவள் பையில் போனைத் தேடுகிறான். லாரியின் நம்பர்கூட அவனுக்குத் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மாடிப்படியில் பாட்டுச் சத்தம், கதவைத் தட்டினான், திறந்தது அவளே, கன்னத்தில் கேக்குப் பூச்சு, கையில் காகிதத் தட்டு, சிரித்த முகம் இன்னும் சிரித்து முடியவில்லை. உயிரோடு இருக்கிறாள். அந்த ஒரு நொடியில் அவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எந்தக் கோவிலில் போய்ச் சொல்வது? அத்தனை பெரிய சந்தோஷத்தை அவன் என்ன செய்தான்? கத்தினான். இருபது பெண்பிள்ளைகளுக்கு முன்னால், தொண்டை கிழிய, என்ன சொன்னான் என்றுகூட நினைவில்லை. போதாதென்று படிக்கட்டுத் தூணில் தன் நெற்றியை மூன்று முறை மோதிக்கொண்டான். யாரோ ஒரு பெண் அழுதாள். தர்ஷிகா அழவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, "அப்பா, போலாம் வாங்க" என்றாள். அதுவரைக்கும் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவன் சட்டையை இரண்டு விரலால் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள், சின்ன வயசிலிருந்து அப்படித்தான், அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரு கசங்கல் இருக்கும். அன்றைக்கு வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை இடுப்பில் அந்த இடம் சும்மா கிடந்தது. மறுநாள் அம்மாவும் மகளும் பொள்ளாச்சிக்குக் கிளம்பிவிட்டார்கள், இப்போதும் இஸ்திரி போட்ட சட்டையைப் போடும்போது அந்த இடத்தில் கசங்கல் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறான்.

நாலு ஒன்பது. இப்போது வகுப்பு எடுக்கிற ஆக்னஸ் மேடம் இருந்தால் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். நடந்தது என்ன, நீங்க சேர்த்தது என்ன, ரெண்டையும் பிரிங்க சார். நடந்தது: மணி நாலு ஒன்பது, போன் அடிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது, ஒரு வரிகூடத் தேறவில்லை. சேர்த்தது: மச்சினன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான், அவள் மனசு மாறிவிட்டது, கோகிலா சும்மா அவனைச் சோதிக்கிறாள், கிணத்துக்கடவு பக்கம் ஒரு லாரி. லாரி எங்கே போனாலும் வந்துவிடுகிறது. காந்திபுரத்தில் மருந்துக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கிற அந்த வகுப்புக்கு அவன் முதலில் போனபோது மாத்திரை தருவார்கள் என்று நினைத்தான். வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். டிபிடி என்று பெயர். உணர்ச்சி தலைக்கேறுகிற நேரத்தில் கையையும் வாயையும் என்ன செய்வது என்று ஐந்து பேரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம். நாற்பத்து நாலு வயசில், கணபதியில் நாலு பேர் வேலை பார்க்கும் மோட்டார் பட்டறைக்கு முதலாளி, மூச்சு விடப் படிக்கிறான். சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு மோட்டார் கருகப்போகிறது என்றால் கம்பிச்சுற்றின் வார்னிஷ் வாசனையை வைத்தே பத்தடி தூரத்தில் சொல்லிவிடுகிறவனுக்கு, தான் கருகுவது மட்டும் கருகி முடித்த பிறகுதான் தெரிந்தது. "உங்களுக்கு வர்ற உணர்ச்சி தப்பில்ல சார்" என்று மேடம் முதல் நாளே சொன்னார்கள். "மகள் மேல உயிரா இருக்கீங்க. அது உண்மை. அந்த உயிர் அவளைப் பயமுறுத்திருக்கு. அதுவும் உண்மை. ரெண்டையும் ஒரே கையில வெச்சுக்கப் பழகணும்." அவனுக்குக் கோபம் வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே, நல்லவனா கெட்டவனா என்று. ஆறு மாசம் போய் வந்த பிறகும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

தினமும் சாயங்காலம் நிரப்ப ஒரு அட்டை உண்டு. கோபம், பயம், அவமானம், துக்கம் என்று வரிசையாகக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எத்தனை இருந்தது என்று போட வேண்டும். முதல் மாசம் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான். எதையும் கொஞ்சமாகச் செய்ய அவனுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் பட்டறையில் பம்ப் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே ஸ்கூல் பஸ் நின்று ஒரு பெண் இறங்கிப் போனது, யாரோ பெண், முதுகில் பை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. அவன் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றுவிட்டான். கோபம் இல்லை. பயம் இல்லை. அழுகைகூட வரவில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று கழன்று பொள்ளாச்சிப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது, போனது திரும்பி வரவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அட்டையை நீட்டி, "மேடம், ஏக்கத்துக்கு இதுல கட்டமே இல்லீங்களே" என்றான். மேடம் பேனாவை அவன் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுக்குங்க" என்றார்கள். ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் போட்டான். அதற்கு அவன் ஐந்து போடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் தினமும் அவன் எழுதுகிற எண் ஆறு. மேடம் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அறுபத்து மூன்று தடவை கூப்பிட்டதெல்லாம் கோபமில்லை, பயம்கூட இல்லை, இதுதான் அடியில் கிடந்தது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கூப்பிட்டால் அந்த ஏக்கம் ஒரு நொடி ஆறும், மணி அடிக்கிற நேரம் மட்டும் அவள் வந்துவிடுவாள் போல இருக்கும். மணி நின்றதும் மறுபடி.

நாலு பதினாலு. கை தானாகப் போய்விட்டது. போனை எடுத்துப் பட்டியலைத் தேய்த்து, மகளுக்கு 'அம்மிணி' என்று போட்டிருக்கிற பெயரில் கட்டைவிரல் நிற்கிறது. ஒரே ஒரு தடவை. மணி அடித்ததும் வைத்துவிடலாம். நாலு மணி என்பதை அவள் மறந்திருக்கலாம் அல்லவா, நினைவூட்டுவது கூப்பிடுவது ஆகுமா? ஒருக்கா கூப்பிட்டாலும் இதோட சரி. உள்ளங்கை வேர்த்தது, காது சூடாயிற்று, கழுத்து நரம்பு இரண்டும் துடிக்கிறது அவனுக்கே கேட்டது. இது அலை சார், ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிடும், நீங்க ஏறும்போதே குதிச்சிடறீங்க. மேடத்தைக் கூப்பிடலாம், தாங்கமுடியாத நேரத்தில் பத்து நிமிஷம் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கூப்பிட்டு லைன் பிஸி என்று வந்தால்? இந்த யோசனை வந்ததே பெரிய விஷயம் என்று தோன்றியது. அப்படியானால் தண்ணீர். முற்றிப்போனால் தண்ணீர் என்பது வகுப்பில் சொல்லியது; ஐஸ் போட்ட தண்ணீரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தினால் இதயத்தின் ஓட்டம் தணியும், நெஞ்சுவலிக்காரர்கள் மட்டும் செய்யக் கூடாது, அதற்காக அவனுக்கு ஈசிஜிகூட எடுத்துப் பார்த்தார்கள். போனை மேஜைமேல் வைத்தான். தண்ணீரையும் கரண்டுச் சாமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே என்று இருபது வருஷமாகப் பட்டறைப் பையன்களை வைகிறவன், சமையல்கட்டுக்கு நாலு எட்டு நடந்து, பெரிய குண்டாவில் தண்ணீர் பிடித்து, பிரிட்ஜில் இருந்த ஐஸ் இரண்டு தட்டையும் கவிழ்த்தான்.

நெற்றிப்பொட்டு வரைக்கும்தான், முப்பது நொடிதான் என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சென்னியப்பன் காது முங்கத் தலையை விட்டான். குளிர் முகத்தில் அறைந்தது, பல் வேர் வரைக்கும் போனது, பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. இரும்புக்காரன் இல்லை, கீழ்வீடு இல்லை. உள்ளே அவன் ரத்தம் மட்டும் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவளுக்கு நாலு வயசிருக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன்தான், கோகிலா ஊற்றினால் கண் எரியும் என்பாள், அவன் ஊற்றினால் எரியாது, சோப்பு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அவன் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். இன்னும் ஊத்தலையாப்பா, இன்னும் ஊத்தலையா. பதினெட்டு, பத்தொன்பது. அந்தக் கைகள் இப்போது எத்தனை பெரிசாகியிருக்கும். ஏழு மாசத்தில் நகம் வளர்க்கிறாளா, மருதாணி வைக்கிறாளா, எதுவும் தெரியாது. முப்பது வந்தது, எடுத்திருக்கலாம், நெஞ்சு தணிவது நன்றாகத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் இருந்தான். வெளியே எடுத்து இரண்டு மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் விட்டான். இதயம் உண்மையிலேயே இறங்கியது. மேடம் சொன்னது பொய்யில்லை. தலையைத் தூக்கியபோது அவன் மனசு அத்தனை லேசாக இருந்தது, மேஜைக்கு வந்து மணி பார்க்கத்தான் போனை எடுத்தான். நாலு பத்தொன்பது. அதற்குக் கீழே, அம்மிணி, ஒரு தவறிய அழைப்பு.

தலையிலிருந்து தண்ணீர் கண்ணாடித் திரைமேல் சொட்டியது, துடைத்தான், தண்ணீரால்தான் அப்படித் தெரிகிறது என்பதுபோலத் துடைத்தான். தவறிய அழைப்பு அங்கேயே இருந்தது. ஏழு மாசம் காத்திருந்து, அது வந்த ஒரு நிமிஷத்தில் தண்ணீருக்குள் இருந்திருக்கிறான், இப்படியொரு காரியம் உலகத்தில் சென்னியப்பன் ஒருவனுக்குத்தான் வாய்க்கும். அப்பா எடுக்கவில்லை என்று இப்போது அவள் வைத்திருப்பாள். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைப்பாள். மச்சினன், நான் அப்பவே சொன்னேன் என்பான். கூப்பிட வேண்டும், உடனே, இது அவனாகக் கூப்பிடுவது இல்லையே, அவள் கூப்பிட்டதற்குத் திருப்பிக் கூப்பிடுவது, ஊர் உலகத்தில் யாரைக் கேட்டாலும் இது நியாயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் செய்தியில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஒருக்கா கூப்பிட்டாலும். நியாயத்தை வைத்துக்கொண்டுதான் அவன் அறுபத்து மூன்று தடவையும் கூப்பிட்டான்; ஒவ்வொரு தடவைக்கும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. கட்டைவிரல் பெயருக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. கூப்பிடுவதற்கான பச்சை வட்டம் அவளுடைய முகமாகத் தெரிந்தது. கூப்பிட்டால் அவள் எடுக்கலாம். கூப்பிட்டால் அவள் திரையில் அப்பா என்று மின்னும், அந்த மாடிப்படியில் நின்ற முகம் மறுபடி வரும். அந்த முகத்தை அவன்தான் கொண்டுவந்தான். இன்னொரு தரம் கொண்டுவர முடியாது, செத்தாலும் முடியாது. போனைத் தரையில் வைத்தான். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். தலை சொட்டச் சொட்ட, தன் கைமேல் தானே உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வா சாமி, என்று போனைப் பார்த்து மகளிடம் சொன்னான், வாய்விட்டே சொன்னான். வர வேண்டாம்னாலும் சரி. இல்லை, பொய், வந்திரு. வந்திரு சாமி. நாலு இருபத்தொன்று. நாலு இருபத்திரண்டு. கை மரத்துப்போயிற்று. நாலு இருபத்து நாலுக்குப் போன் தரையில் அதிர்ந்து அவனை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்து வந்தது.

"அப்பா?"

மரத்த கையால் போனைப் பிடிக்க முடியாமல் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். குரல் மாறியிருந்தது. ஏழு மாசத்தில் ஒரு குரல் இத்தனை இறங்குமா?

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கறேன் கண்ணு."

"மொதல்ல ஏன் எடுக்கலீங்க?"

"தண்ணிக்குள்ள தலையை உட்டுட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. அவன் பதறினான். "ஐயோ, கெணறு குளம்னு நெனைச்சுக்காத சாமி. குண்டாத் தண்ணி. ஐஸ் போட்டு. வகுப்புல சொல்லித்தந்தாங்க, படபடப்பு வந்தா பண்ணோணும்னு."

"குண்டாலயா?"

"ஆமா. சோறாக்கற குண்டா."

சிரிப்பா பெருமூச்சா என்று சொல்லமுடியாத ஒன்று வந்தது. ஏன் இத்தனை லேட்டு என்று அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் பிடித்து நிறுத்தினான். அவளே சொன்னாள். "நாலு மணிக்கே போனைக் கையில எடுத்துட்டனுங்கப்பா. அமுக்கறதுக்குப் பயமா இருந்துச்சு. அப்பறம் அமுக்கினா நீங்க எடுக்கல. ஏதாச்சும் பண்ணிக்கிட்டீங்களோன்னு அதுக்கும் பயமாயிருச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க எடுத்தாலும் பயமா இருக்குது, எடுக்கலைன்னாலும் பயமா இருக்குதுங்கப்பா."

எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி வந்தது. பெத்த அப்பனைப் பார்த்துப் பயமா என்ற கத்தல் வந்தது. இனிமேல் சத்தியமா என்று ஆரம்பிக்கும் அழுகை வந்தது, எத்தனையோ சத்தியம் செய்தாகிவிட்டது, அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நெற்றியில் அந்தப் பழைய இடம் ஜிவ்வென்று இழுத்தது. நாலு மணிக்கு அவன் இங்கே போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளும் அங்கே போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அவன் ஏங்கினான், அவள் நடுங்கினாள். அவன் மூச்சை ஒருதரம் உள்ளே இழுத்து அதைவிட நேரமெடுத்து வெளியே விட்டான்.

"பயமாத்தான் இருக்கும் கண்ணு. நான் பண்ணுனதுக்கு யாரா இருந்தாலும் பயமாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்க ஆயிரம் இருந்தது. அவள் "ம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டு. படிக்கோணும்."

போகிறாள். வயிற்றில் அந்தக் கழலல் ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம், சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, அடுத்த ஞாயிறும் பேசுவியா, சொல்லிட்டு வை, சொல்லாமல் வைக்காதே. வாழ்க்கையில் யாரையும் அவன் போனை வைக்க விட்டதில்லை.

"படி சாமி. நீயே வெச்சிரு."

கண்ணை மூடிக்கொண்டு அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. போனை எங்கோ பலகைமேல் வைக்கிற சத்தம் வந்தது. காற்றாடி ஓடியது. பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். வைக்க மறந்துவிட்டாளா என்று கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டான். மறக்கவில்லை, "அப்பா, சத்தம் பண்ணாம இருங்க, படிக்கறேன்" என்று தூரத்திலிருந்து சொன்னாள். சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தபடி மூச்சைக்கூட மெல்ல விட்டான். அவள் தனக்குள் முணுமுணுத்துப் படிக்க ஆரம்பித்தாள், அமிலம், காரம், ஏதேதோ எண்கள், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதியில் எங்கேயோ தடுக்கி, ச்சே என்று சொல்லிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.